மூன்று வருசம், பதினொரு கப்: மகளின் பள்ளிக்கூடம் பற்றி

நேற்றிரவு பத்தரை மணி. குசினி மேசையில் பழைய பேப்பரை விரித்து, ஒரு கையில் சுப்பர் குளூவும் மறு கையில் ஒரு பிளாஸ்டிக் காதுமாக இருந்தேன். மகளின் கப் ஒன்று அலுமாரிக்கு மேலிருந்து விழுந்து காது கழன்றுவிட்டது. கப் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பொன் நிறத்தில் மினுங்கும் பிளாஸ்டிக், அடியில் கறுப்புக் கட்டை, கட்டையில் பெயர் அச்சடித்த ஸ்டிக்கர். ஒட்டி, அழுத்திப் பிடித்து, அறுபது எண்ணி, நிமிர்த்தி வைத்த பிறகுதான் ஸ்டிக்கரை வாசித்தேன். அதிலிருந்தது என் மகளின் பெயர் இல்லை.

அதைப் பிறகு சொல்கிறேன்.

அக்கரைப்பற்றில் இருக்கும் கூட்டாளி ஒருவன், வங்கி உத்தியோகம், சித்திரையோடு மட்டக்களப்புக்கு மாற்றலாகி வருகிறான். குரல்பதிவு அனுப்பியிருந்தான்: “மச்சான், உன்ர மகள் போற பள்ளிக்கூடம் எப்பிடி? எங்கட சின்னவன அதில விடலாமா? பேஸ்புக்கில பார்த்தன், வருசம் முழுக்கப் பரிசும் கப்பும்தான். சும்மா பறக்கிறாங்களேடா.”

பறக்கிறார்கள்தான். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லப்போய்த்தான் இவ்வளவும்.

கட்டடம், ஆங்கில மொழிமூலம், வான், வகுப்புக்கு எத்தனை பிள்ளை என்பதெல்லாம் கந்தோரில் கேட்டால் மினுங்கும் கடதாசியில் தருவார்கள். மகள் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தாள், இப்போது ஐந்துக்கு ஏறியிருக்கிறாள். மூன்று வருசம், ஒன்பது தவணை. ஒன்பதுக்கும் சுணங்காமல் பணம் கட்டியவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். ஃபோன் வாங்கினவன் மாதிரிப் பள்ளிக்கூடத்துக்கும் அனுபவம் எழுதலாமா என்று மனைவி கேட்டாள். இந்த நாட்டில் சர்வதேசப் பாடசாலை என்று பெயர் போட்டவை பெரும்பாலும் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிந்தவை. கம்பனி என்றால் நான் வாடிக்கையாளன். தாராளமாக எழுதலாம்.

இனிக் கப் விசயம். மூன்று வருசத்தில் பதினொன்று. மனக்கணிதம் மூன்று, கையெழுத்து இரண்டு, நிறந்தீட்டல் இரண்டு, ஆங்கில எழுத்துக்கூட்டல், பொது அறிவு, கராத்தே, சதுரங்கம் ஒவ்வொன்று. என் அப்பா உயிரோடு இருந்தால் பேத்தி நாட்டையே ஆளப்போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பார். நான் அறுபதாம் பிறந்தநாளுக்கும் ஒரு கப் வாங்கப் போவதில்லை, பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலும் வாங்கினதில்லை. ஆகவே பொறாமை என்று நினைத்தாலும் பரவாயில்லை.

இது நடக்கும் விதம் இப்படி. வெளியிலிருந்து ஒரு அமைப்பு வரும். பெயரில் ‘அகில இலங்கை’ இருக்கும், சில நேரம் ‘சர்வதேச’வும் இருக்கும். மகளின் கொப்பிக்குள் ஒரு துண்டு வரும்: பங்குபற்ற விரும்பும் பிள்ளைகள் 1,500 ரூபாயை வெள்ளிக்கிழமைக்கு முன் ஒப்படைக்கவும். விரும்பாத பிள்ளை என்று ஒன்று இருக்க ஏலாது. வகுப்பில் இருபத்திநாலு பேர். இருபத்திமூன்று பேர் கட்டிவிட்டால் மிச்சமிருக்கிற பிள்ளை வீட்டுக்கு வந்து அழும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபத்தில் போட்டி, நாற்பது நிமிசம். மத்தியானம் பரிசளிப்பு. எல்லாருக்கும் கப்: முதலாம் இடத்துக்கு ஒரு முழம், வந்து குந்தினவருக்கு ஒரு சாண். அதிகம் பிள்ளைகளைக் கூட்டி வந்ததற்காகப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கேடயம். அந்தக் கேடயம் எங்கள் ஆயிரத்து ஐந்நூறுகளால் வாங்கினது. அதிபர் கந்தோரில் கண்ணாடி அலுமாரிக்குள் அது நிற்கிறது.

மறுகா பின்னேரம் வாட்ஸ்அப்பில் தொடங்கும். பிள்ளைகள் கப்பைத் தூக்கிப் பிடித்த படம் இருபது. அதற்கு அடியில் “வாழ்த்துக்கள் மிஸ்”, “வாழ்த்துக்கள் சேர்”, கைகூப்பின பொம்மை, பூச்செண்டு, திரும்பவும் “வாழ்த்துக்கள் மிஸ்”. போன கார்த்திகையில் ஒரு நாள் எண்ணினேன், அறுபத்திநாலு. நடுவில் ஒரு தாய் கேட்டிருந்தா: “நாளைக்கு வெள்ளைச் சப்பாத்தா கறுப்பா?” யாரும் பதில் போடவில்லை. இரவு பத்து மணிக்கு நான்தான் தனியாக எழுதி அனுப்பினேன், வெள்ளை என்று. அதுவும் பிழை. கறுப்புத்தான். அவவின் மகனும் என் மகளும் மட்டும் அடுத்த நாள் வெள்ளைச் சப்பாத்தோடு போனார்கள்.

மூன்று நாளில் சந்தியில் பதாகை ஏறும். பிள்ளைகளின் முகம் முத்திரை அளவு, நிர்வாகத்தின் முகம் தலையணை அளவு.

எல்லாக் கப்பும் வெறும் பிளாஸ்டிக் என்று சொல்ல மாட்டேன். சதுரங்கக் கப் உழைத்து வாங்கினது. ஐந்து ஆட்டத்தில் மூன்று வென்றாள். சாப்பாட்டு மேசையில் பத்து நிமிசம் இருக்க மாட்டாத பிள்ளை, ஒரு ஆட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்ததை மண்டபத்துக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன். அதைப் பழக்கின சேர் பகுதிநேரம் வருகிறவர், கிழமைக்கு இரண்டு நாள், சைக்கிளில். சாதாரண தரம் எழுதின ஒரு மூத்த பிள்ளையும் இருக்கிறான். இந்தப் பள்ளிக்கூடங்களில் படிக்கிறவர்கள் அந்தப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத்தான் தோற்றுவார்கள். பயமும் கூட, கடதாசி வேலையும் கூட. அவன் ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்தான். அவனுக்கும் பதாகை கட்டினார்கள். நிறந்தீட்டலுக்குக் கட்டின அதே அளவு, அதே மஞ்சள் எழுத்து, அதே தலையணை முகம். அவனுடைய வாப்பா சந்தியில் நின்று அதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. “ரெண்டும் ஒரே நாள் கட்டினா லாபம் போல” என்று மட்டும் சொன்னார்.

இந்த ஊர் படிப்புக்குப் புதிது இல்லை. மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814 இல் வில்லியம் ஓல்ட் தொடங்கினது. வின்சன்ட் மகளிர் பள்ளி 1820. புனித மைக்கேல் 1873. கல்லடி உப்போடையில் விபுலானந்தர் எழுப்பின சிவானந்தா. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் பத்து வயசு ஆகவில்லை. ஆண்டு மலரின் முதல் பக்கத்தில் ‘பாரம்பரியம் மிக்க’ என்று போட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விசயம். சிரிக்க முடியாத ஒன்று போன ஆனி மாதம் நடந்தது.

மட்டக்களப்புத் தெரியாதவர்களுக்கு: வாவி எங்கள் ஊரை நெடுக்கப் பிளக்கிறது. கடல் பக்கம் எழுவான்கரை, வயல் பக்கம் படுவான்கரை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கம் போகிறவர்கள் அந்தத் துறையில் படகுப்பாதைக்குக் காத்து நின்றார்கள். என் மனைவி படுவான்கரையில் ஒரு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஆரம்பப்பிரிவு ஆசிரியை. ஒவ்வொரு நாளும் வெள்ளண ஸ்கூட்டியில் அந்தப் பாலத்தால் போய் வருகிறாள். அரசாங்கப் பள்ளிக்கூடத்து டீச்சர் தன் பிள்ளையைத் தனியாரில் விட்டிருக்கிறாவே என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். நாங்களே எங்களை எத்தனையோ தரம் கேட்டுவிட்டோம்.

ஒரு நாள் அவளுடைய அதிபர் சொன்னாராம், “நாளைக்கு டவுனில இருந்து கொப்பி குடுக்க வாறாங்களாம், பிள்ளைகளச் சுத்தமா வரச் சொல்லுங்க டீச்சர்.” எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டால், எங்களுடையது. அன்றிரவு மகளின் பைக்குள் ஒரு துண்டு: சமூகப் பணி நாள், முழுச் சீருடை, கழுத்துப்பட்டி கட்டாயம்.

அடுத்த நாள் ஒரே வீட்டிலிருந்து தாயும் மகளும் வேறு வேறாகப் புறப்பட்டு ஒரே இடத்துக்குப் போனார்கள். தாய் வாங்கும் பக்கம், மகள் கொடுக்கும் பக்கம்.

நான் அங்கே இல்லை, அவள் சொன்னதுதான். பிள்ளைகள் இரண்டு வரிசை. எங்கள் பிள்ளைகள் கையில் கொப்பிப் பை, அந்தப் பிள்ளைகள் இரண்டு கையையும் நீட்டி. படம் எடுக்கிற பெடியன் ஒவ்வொரு சோடியையும் நிறுத்தி எடுத்தான். என் மகளுக்கு எதிரே நின்றது மனைவியின் வகுப்புப் பிள்ளை. அந்தப் பிள்ளையை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வாசிப்பில் முதல் ஆள், மனைவி வீட்டுக்கு வந்து கதை கதையாகச் சொல்லுவாள். மகள் பையைக் கொடுத்தாள், அது வாங்கிக்கொண்டது. படம் சரி வரவில்லை. “திருப்பிக் குடுங்க மனே, இன்னொருக்கா எடுப்பம். கமராவப் பார்த்துச் சிரிங்க” என்றான் அவன். அந்தப் பிள்ளை பையைத் திருப்பிக் கொடுத்தது. திரும்பவும் கையை நீட்டியது. திரும்பவும் வாங்கியது.

படம் ஏறியிருந்தது. மனைவி வரிசையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றவள். படத்தில் அவளுடைய சாறித் தலைப்பு மட்டும் தெரிகிறது, மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். ‘வறிய மாணவர்களின் முகத்தில் புன்னகை’ என்று மேலே எழுத்து. உண்மையில் அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. என் மகளும் சிரிக்கவில்லை.

அன்றிரவு மனைவி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், “எங்கட பிள்ளைகளுக்குக் கொப்பி தேவைதான். குடுத்தது பிழையில்ல.” கொஞ்ச நேரம் போய், “திருப்பி வாங்கினதுதான்” என்றாள்.

கந்தோருக்கு எடுத்து அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்துவிடும்படி கேட்டேன். “சேர், நல்ல விசயம்தானே, லைக்கும் நிறைய வந்திரிக்கு” என்றார்கள். இன்னும் இருக்கிறது.

கொப்பி கொடுத்து முடிந்தபின் பஸ் வரும்வரை ஒரு மணித்தியாலம் கிடந்ததாம். பிள்ளைகள் மட்டையும் பந்துமாக எல்லே விளையாடினார்கள். எங்கள் பிள்ளைகள் படுதோல்வி. வெறுங்காலோடு ஓடுகிறவர்களைச் சப்பாத்தோடு பிடிக்க முடியுமா? அந்தப் பள்ளிக்கூடத்து மூத்த பெடியன் ஒருவன் கூத்துக்கு ஆடிக் காட்டியிருக்கிறான். மகள் வீட்டுக்கு வந்து ஒரு கிழமை நிலம் அதிர அதிர ஆடினாள். எந்தக் கூத்து மரபு, வடமோடியா தென்மோடியா என்று கேட்டேன். “அந்த அண்ணா ஆடினது” என்றாள். படக்காரப் பெடியன் அந்நேரம் பஸ்ஸுக்குள் நித்திரை.

இதுவரை எழுதினதைப் பார்த்தால் நாளைக்கே மகளை மாற்றுகிறவன் மாதிரி இருக்கும். மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

நான் படித்தது நகரத்தில், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடி. பதின்மூன்று வருசப் படிப்பில் ஒரு முஸ்லிம் பிள்ளையோடு ஒரே வாங்கில் இருந்ததில்லை. அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று பிரிந்தவை. விடுமுறை கூட வேறு. நோன்பு மாதம் அவர்களுக்கு லீவு, எங்களுக்குப் படிப்பு. முதல் முஸ்லிம் கூட்டாளி எனக்குக் கிடைத்தது இருபத்திமூன்று வயசில், வேலைக்குப் போன இடத்தில். மகளின் வகுப்பில் இருபத்திநாலு பேரில் தமிழ்ப் பிள்ளைகள் பன்னிரண்டு, முஸ்லிம் பிள்ளைகள் பதினொன்று, ஒன்று பறங்கி வீட்டுப் பிள்ளை, போர்த்துக்கீச வழி வந்தவர்கள். பள்ளிக்கூடம் இதை ஒரு இலட்சியமாகச் செய்யவில்லை. காசு கட்டக்கூடியவர் யார் வந்தாலும் சேர்த்தார்கள், வியாபாரம். ஆனால் அந்த வியாபாரத்தில் எனக்குக் கிடைக்காத ஒன்று என் மகளுக்குக் கிடைத்துவிட்டது.

2025 பங்குனி. இந்தப் பக்கம் மழை ஓய்ந்து மைதானம் காய அவ்வளவு காலம் ஆகும், அதனால் இல்ல விளையாட்டுப் போட்டியின் ஆயத்தமெல்லாம் அப்போதுதான். நோன்பும் அப்போதுதான். அணிநடைப் பயிற்சியைக் காலை ஏழு மணிக்கு மாற்றினார்கள், போட்டியைப் பெருநாளுக்கு அடுத்த கிழமைக்குத் தள்ளினார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்காம் வகுப்பில் முழு நோன்பு பிடிக்கிற பிள்ளைகள் குறைவு. மகளின் கூட்டாளி மட்டும் பிடித்தே தீருவேன் என்று நின்றாளாம். அந்த மாதம் முழுக்க மகளின் தண்ணிப் போத்தல் பாதிக்கு மேல் நிறைந்தபடியே வீட்டுக்கு வந்தது. ஏன் குடிக்கவில்லை என்று ஏசினேன். “குடிக்கிறன்தான் அப்பா. கைகழுவுற இடத்துக்குப் போய்க் குடிக்கிறன். அவள் நோன்பு. முன்னுக்கு நிண்டு குடிக்க ஏலாதுதானே.” இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டுப் பார்த்தேன், மிஸ்ஸும் சொல்லவில்லை.

போட்டி நாள் மாமியும் வந்தா. எழுபத்தொரு வயசு, விளையாட்டுப் போட்டி பார்த்தே இருபது வருசம் இருக்கும். அஞ்சலோட்டத்தில் கடைசி ஓட்டம் அந்தக் கூட்டாளிப் பிள்ளை. கோலை என் மகளிடமிருந்து வாங்கி ஒரே பாய்ச்சல். மாமிக்கு என்ன வந்ததோ, எழும்பி நின்று குரவை போட்டா. எங்கள் பக்கத்தில் கலியாணத்திலும் கோயில் சடங்கிலும் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்புகிற அந்தக் குரவை. எனக்குக் கூச்சமாகிவிட்டது, டையும் கோட்டுமாக எத்தனை பேர். அடுத்த கூடாரத்திலிருந்து பதில் குரவை வந்தது. திரும்பிப் பார்த்தால் முக்காடு போட்ட ஒரு மூதாட்டி. அந்தப் பிள்ளையின் உம்மம்மா, ஏறாவூரில் இருந்து வந்தவ. முஸ்லிம் கலியாண வீடுகளிலும் குரவை உண்டு என்பது எனக்குத் தெரியும், காதால் கேட்டது அன்றுதான். இரண்டு பேரும் மாறி மாறி, மற்றக் கிழவிகளும் சேர, மைக்கில் நின்ற சேர் பார்வையாளர்கள் ஒழுங்கைப் பேணும்படி ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார். யாருக்கும் விளங்கவில்லை, அல்லது விளங்கியும் நிறுத்தவில்லை. படக்காரப் பெடியன் கமராவைத் தூக்கிக்கொண்டு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடி ஓடினான், அதற்குள் ஓட்டம் முடிந்துவிட்டது. எங்கள் இல்லம் மூன்றாம் இடம்.

இன்னொன்று குடும்ப மரம். வகுப்பு மிஸ் கொழும்புப் பக்கத்தவ, நல்ல பிள்ளை, உழைப்பாளி. குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லி அச்சடித்த தாள் கொடுத்தா. மேலே அப்பப்பா, அவருக்குக் கீழே அப்பா, அடியில் பிள்ளை. மகள் மாமியிடம் போய்க் கேட்டாள். மாமி தாளைப் பார்த்துவிட்டு, “இதென்ன மனே தலைகீழா? குடி தாய்வழிதானே. அப்பாட பக்கத்த எழுதி என்ன செய்யிற?” என்றா. அந்தக் கூட்டாளிப் பிள்ளை வீட்டிலும் அதே கதை, அவவின் உம்மம்மாவும் அதையே சொல்லியிருக்கிறா. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி என்கிற குலப்பிரிவு தாயிடமிருந்துதான் வருகிறது. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் தெரிவும் குடிவழி, பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்காயர் தெரிவும் குடிவழி என்றிருந்தது. இரண்டு பிள்ளைகளும் தாளைத் திருப்பி, அம்மம்மாவின் தாயை உச்சியில் போட்டு, தாய்வழியே இறக்கிக் கொண்டு போனார்கள். சிவப்புப் பேனையால் பிழை போட்டிருந்தா மிஸ்.

மனைவியும் அந்தப் பிள்ளையின் உம்மாவும் சேர்ந்து போய்ப் பேசினார்கள். சண்டைக்குப் போனவர்கள் ஒன்றரை மணித்தியாலம் கழித்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். மிஸ்ஸுக்கு இது அறவே தெரியாது. தெரிந்தவுடன் செய்ததுதான் பெரிது: இரண்டு தாளிலும் சிவப்பை வெட்டி, பக்கத்தில் தன் கையெழுத்தும் வைத்து, அடுத்த நாள் முழு வகுப்பையும் வீட்டில் குடி கேட்டு வரச் சொன்னா. பாதி வகுப்புக்கு மேல் கொண்டு வந்தது, இரண்டு பக்கத்திலும். பறங்கி வீட்டுப் பிள்ளை தனக்குக் குடி இல்லை என்று அழ, அவனுடைய அம்மம்மா வீட்டில் பேசுகிற போர்த்துக்கீசச் சொல் பத்தை எழுதி வரச் சொல்லி அவனையும் சேர்த்துக்கொண்டா. எந்தப் பல்கலைக்கழகக்காரர் கேட்டாலும் எழும்பி நின்று பார்க்க வேண்டிய பாடம். ஆண்டு மலரில் ஒரு வரி இல்லை. நிறந்தீட்டலுக்கு நான்கு பக்கம்.

கார்த்திகைக் கடைசியில் டித்வா சூறாவளி வந்தது. மாமிக்கு 1978 சூறாவளி ஞாபகம், மழை தொடங்கினதிலிருந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தா. எங்கள் ஒழுங்கையில் முழங்கால் தண்ணி. இரண்டாம் நாள் காலை வான் அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து படலையில் நின்று கூப்பிட்டார். தன் வானில் வருகிற பிள்ளைகளின் பெயரைக் கொப்பித்தாளில் எழுதி, பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தார். ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்துக் கோடு போடுகிறார். பத்தொன்பது பிள்ளைகள். எங்கள் வீடு பதினாலாவது. தேத்தண்ணி குடிக்கக் கூட நிற்கவில்லை.

நத்தாருக்குப் பள்ளிக்கூடத்தில் வைக்கிற ஒளி விழா இல்லாமல் போயிற்று. அதற்கென்று ஆளுக்கு 2,500 சேர்த்திருந்தார்கள். அந்தக் காசில் அரிசி, பருப்பு, பால்மா வாங்கி, பள்ளிக்கூடத்தில் கூட்டித் துடைக்கிற அக்காமார் வீடுகளுக்கும், ஆனியில் கொப்பி கொடுத்த அந்தப் படுவான்கரைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினார்கள். கூட்டம் இல்லை, பதாகை இல்லை, படம் இல்லை. மனைவியின் அதிபர் தொலைபேசியில் நன்றி சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரியும். இதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு நெகிழ்ந்துபோனேன். பிறகுதான் யோசித்தேன், அந்த நாட்களில் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. சிக்னல் திரும்பி வந்தபின் குழுவில் விழுந்த முதல் செய்தி, நிறந்தீட்டல் போட்டி முடிவு.

சந்திப் பதாகையைக் காற்றுக் கொண்டுபோய்விட்டது. மார்கழி நடுவில் மனைவி வேலைக்குப் போகும் வழியில், பாலம் தாண்டி உள்ளே, ஒரு கொட்டிலின் கூரையில் அதைக் கண்டிருக்கிறாள். நாலு பக்கமும் கல் வைத்து விரித்துக் கட்டியிருக்கிறது. எப்படி அங்கே போனதோ தெரியாது, காற்று இல்லை, கை மாறித்தான் போயிருக்கும். “உங்கட மகள் தலைகீழாச் சிரிச்சுக்கொண்டிருக்கிறாள்” என்றாள். ஸ்கூட்டியை நிறுத்தி அந்த வீட்டுக்காரியிடம் கேட்டிருக்கிறாள். ஒழுகவில்லையாம். பள்ளிக்கூடம் அச்சடித்ததில் முழுப் பெறுமதியும் கிடைத்தது அந்த ஒன்றுக்குத்தான்.

தையில் புதுக் கட்டணக் கடிதம். தவணைக்கு 15 வீதம் கூட. அது எதிர்பார்த்தது, டீச்சர்மாருக்குச் சம்பளம் கூட்ட வேண்டும், கூட்டினால் சந்தோசம். கீழே புதிதாக ஒரு வரி: ‘நிகழ்வு மற்றும் ஊடகம், வருடத்துக்கு 6,000’. இரண்டு தரம் வாசித்தேன். என் மனைவியை வெட்டின படத்துக்கு, அந்தப் பிள்ளை இரண்டு தரம் கை நீட்டின படத்துக்கு, இனி நான் காசு கட்ட வேண்டும்.

கந்தோருக்குப் போனேன். கணக்குப் பிள்ளை பாவம், இருபத்திரண்டு வயசு இருக்கும், “சேர், பிள்ளைகளின்ட சாதனைய வெளியில கொண்டு போறதுக்குத்தான்” என்றாள். எந்தச் சாதனை என்று கேட்டேன். குடும்ப மரத்தைச் சொன்னேன், வான் அண்ணனைச் சொன்னேன், தண்ணிப் போத்தலைச் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். பார்த்தால், ‘வான் முறைப்பாடு’ என்று போட்டிருக்கிறாள். முறைப்பாடு இல்லை தங்கச்சி, பாராட்டு என்று திருத்தச் சொன்னேன். பாராட்டுக்குத் தனிப் படிவம் இல்லையாம்.

இன்று காலை மகளிடம் கப்பைக் காட்டினேன், இதில் யாருடைய பெயர் என்று. பார்த்தவுடன் முகம் மாறிவிட்டது. “ஒட்டிட்டீங்களா அப்பா? நல்லம். நான் பயந்துகொண்டிருந்தன்.” கையெழுத்துப் போட்டி அன்று மேடையில் மாறிக் கொடுத்துவிட்டார்களாம். இவளுடையது அந்தக் கூட்டாளி வீட்டில் இருக்கிறது. ஏன் மாற்றிக்கொள்ளவில்லை? “மாத்திறல்ல எண்டு பேசியிரிக்கம். என்ர அவட வீட்ட இருந்தா நான் போகலாம். அவட இஞ்ச இருந்தா அவள் வரலாம்.” கொஞ்சம் யோசித்து, “அவட உம்மாக்கு உடைஞ்சது சொல்ல வேணாம்” என்றாள். அலுமாரிக்கு மேல் வைக்காமல் தன் மேசையில் வைத்துக்கொண்டாள். காது கொஞ்சம் கோணல்.

இனி கூட்டாளிக்கு. மச்சான், நீ கேட்டபடியால் சொல்கிறேன், விடாதே. ஊரில் நல்ல அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, காசும் மிச்சம், சின்னவனின் படம் சந்தியில் தொங்காது. ஆங்கிலத்துக்கு வீட்டில் நீயே சொல்லிக் கொடுக்கலாம், உனக்கு என்னை விட நன்றாக வரும். கப் வேண்டுமென்றால் கடையில் வாங்கிப் பெயர் ஒட்டிக் கொடு, இந்த மூன்று வருசத்தில் அது எனக்கு மலிவாக முடிந்திருக்கும்.

நான் பத்தாவது தவணையைக் கட்டிவிட்டேன். ஊடகத்துக்கான 6,000 ஐ மட்டும் கட்டாமல், காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. இரண்டாம் வகுப்பில் மூன்று இடம்தான் மிச்சமாம், வெள்ளிக்கிழமைக்கு முன் பெயர் பதிய வேண்டும். நீ வீடு பார்த்திருக்கிற ஒழுங்கைக்கு வான் வருமா என்று அண்ணனிடம் கேட்டேன். வருமாம், ஆறே முக்காலுக்குப் படலையில் நிற்கச் சொன்னார்.